வேலியோரம் நின்றவள்

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரெத்தினம் எழுந்துவிட்டார்.

குனிந்தாவது போயிருக்கலாம். ஆறடி ஆள், அப்படியே நிமிர்ந்து நடந்தார். திரையில் இருந்த இத்தாலிக்காரக் கிழவனின் முகத்தை அவருடைய தலை நிழல் மறைத்தது. யாருடைய காலையோ மிதித்தார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"மிராசுதாரையெல்லாம் கூட்டியாந்து கலைப்படம் காட்டினா இப்படித்தான்" என்று இருட்டில் யாரோ சொன்னார்கள். நாலு பேர் சிரித்தார்கள்.

கடைசி வரிசையில் இருந்த ஜெய்னுலாபுதீனுக்கு முகம் சுண்டிப்போனது. மாயவரத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். திரைப்படச் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தியேட்டரைப் பிடித்து வெளிநாட்டுப் படம் போடுவார்கள். இந்த ஒரு படத்துக்காக அவர் மூன்று தடவை சென்னைக்கு அலைந்திருந்தார்.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. மலையடிவாரத்தில் ஒரு கிழவன் தன் கல்லுக்காட்டை உழுகிறான். தினமும் காலையில் ஒருத்தி வந்து வேலிக்கு வெளியே நிற்கிறாள். பேசுவதில்லை. கிழவன் திட்டுகிறான், கல்லை விட்டெறிகிறான், நாயை ஏவுகிறான். மறுநாளும் வந்து நிற்கிறாள். கடைசியில் ஒருநாள் அவள் வரவில்லை. கிழவன் வேலியைத் தாண்டிப் போய், அவள் நின்ற இடத்தில் மண்டியிடுகிறான். மழை பெய்கிறது. அவ்வளவுதான்.

விளக்கு போட்டதும் எல்லோரும் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பேச உட்கார்ந்தார்கள்.

"அவள் ஜீவாத்மா. வேலி என்பது மாயை" என்றார் கல்லூரிப் பேராசிரியர்.

"இல்லை சார். அவ அந்தக் கிழவனோட மனசாட்சி" என்றார் வக்கீல்.

டாக்டர், அவள்தான் மரணம் என்றார். சிவப்புத் துண்டு போட்டிருந்த ஒரு மாணவன், அவள் வரப்போகிற புரட்சி என்றான்.

"புரட்சி எதுக்குப்பா வாயைத் திறக்காம நிக்குது?" என்று பேராசிரியர் கேட்க, ஒரே சிரிப்பு.

ஜெய்னுலாபுதீன் கடைசியாகப் பேசினார். "எனக்கென்னவோ ஆண்டவனே நம்ம வாசலுக்கு வெளியே வந்து நிக்கிற மாதிரி இருந்துச்சு" என்றார். கை தட்டினார்கள்.

ஒரு மணி நேரம் பேசி முடித்துக் கிளம்பும்போது வக்கீல்தான் ஆரம்பித்தார். "அந்த ரெத்தினத்தை இனிமே வரவேண்டாம்னு பக்குவமாச் சொல்லிடுங்க பாய். ரசனை இல்லாத மனுஷன்."

யாரும் மறுக்கவில்லை. ஊரில் பெரிய மனுஷர் ஒருத்தர் இருக்கட்டுமே என்று ரெத்தினத்தைச் சங்கத்தில் சேர்த்ததே ஜெய்னுலாபுதீன்தான். அதனால் சொல்ல வேண்டிய பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது.

மறுநாள் காலை கடையைத் திறக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரெத்தினத்தின் கிராமத்துக்குப் போனார். ரெத்தினம் வீட்டில் இல்லை. மனைவி தர்மாம்பாள்தான் மோர் கொடுத்தாள்.

"தாலுகா ஆபீஸுக்குப் போயிருக்காங்க பாய். நேத்து வந்ததுலேருந்து ஒரு மாதிரியாவே இருக்காங்க. சரியாச் சாப்பிடக்கூட இல்லை. அப்படி என்ன படம் போட்டீங்க?"

ஜெய்னுலாபுதீன் மோரைக் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தார். சைக்கிளைத் திருப்பினார்.

தாலுகா ஆபீஸ் வாசலில், புங்க மரத்தடி பெஞ்சில் ரெத்தினம் உட்கார்ந்திருந்தார். அதே பெஞ்சின் இன்னொரு கோடியில், வயல் வேலை செய்கிற ஒருத்தி ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அவள் கட்டைவிரலில் மை காயாமல் இருந்தது.

"வாங்க பாய். நேத்து பாதியில எழுந்து வந்ததுக்குக் கோவமா?" என்றார் ரெத்தினம். பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார். "இது கண்ணாத்தாள். நம்ம நெலத்துல மூணு மா, ஒரு ஏக்கர், இவ புருஷன் பேர்ல குத்தகைக்குப் பதிஞ்சிருக்கு. அவன் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகுது. அன்னையிலேருந்து தெனம் காலையில நம்ம களத்து வேலியோரம் வந்து நிப்பா. இந்த கவர்மெண்ட் வந்ததுலேருந்து குத்தகைச் சட்டம் அது இதுன்னு ஊரே ரெண்டுபட்டுக் கெடக்குதா, கட்சிக்காரங்க ஏவிவிட்டு நெலத்தைப் பிடுங்கத்தான் வந்து நிக்கிறாள்னு நெனச்சேன். ரெண்டு தடவை ஆளை விட்டு விரட்டினேன்."

"என்னம்மா வேணும் உனக்கு?" என்றார் ஜெய்னுலாபுதீன்.

"அவரு பேரை எடுத்துட்டு எம்பேரை எழுதணுங்க. அதுக்கு ஐயா ஆட்சேபணை இல்லைன்னு சொன்னாப் போதும்னாங்க. வேற ஒண்ணும் இல்லீங்க."

"அதை வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே?"

"பேச வந்தா வெரட்டுறாங்க. சும்மா நின்னா நிக்க விடுறாங்க. அதான் நின்னேன்."

ரெத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். "தாசில்தார்கிட்ட எழுதிக் கொடுத்தாச்சு பாய். இனிமே குத்தகை இவ பேர்ல." ஜெய்னுலாபுதீன் பக்கம் திரும்பினார். "ஆமா, நான் போனதுக்கு அப்புறம் அந்தக் கிழவன், என்ன வேணும்னு அவகிட்ட ஒரு தடவையாவது கேட்டானா?"

ஜெய்னுலாபுதீன் படத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். பிறகு அந்த ஒரு மணி நேரப் பேச்சையும் ஓட்டிப் பார்த்தார்.

"இல்லீங்க" என்றார் மெதுவாக. "யாருமே கேக்கலை."

"அதைத்தான் பாய் என்னால உக்காந்து பாக்க முடியலை. நேரா நம்ம வேலிக்குப் போய் இவளைக் கேட்டுட்டேன்."