அவள் தேடாத விளம்பரம்

"மறுபடியும் அதே புலம்பலா, அத்தான்? 'போன் நம்மள வேவு பாக்குது'ன்னு தினமும் வாட்ஸ்அப்ல எல்லாருக்கும் அனுப்புறீங்களே, எவன் திருந்தப்போறான்?" என்று மைத்துனன் சலித்துக்கொண்டான்.

"அதுக்காகச் சும்மா இருக்க முடியுமா?" என்றார் பஸ் டிரைவர்.

"அவர் சொல்றது நிஜம்டா," என்றாள் கட்டிலில் சாய்ந்திருந்த அவர் மனைவி. "எனக்கு வெறும் வயித்துப்புண்ணு. என் போன்ல பாரு, சாகப்போறவங்களப் பாத்துக்கற இல்லம்னு விளம்பரமா வருது. பக்கத்து வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்டு எனக்கு அனுப்புதோ என்னமோ!"

"அதேதான்! அயோக்கியப் பசங்க!" டிரைவரின் குரல் உயர்ந்தது. அவள் போனிலிருந்தும் அந்தப் புலம்பலை எல்லாருக்கும் தட்டிவிட்டார்.

போன வாரம் டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கைவிரித்த அன்று, தன் போனில் சார்ஜ் இல்லாமல், அவள் போனை எடுத்து அந்த இல்லத்தைத் தேடியது அவர்தான்.