படகு கடலைத் தொட்ட நாள்

ஆறு வருடமாகக் கப்பலின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்த உயிர்காப்புப் படகுக்கு அன்று தலைகால் புரியவில்லை. கப்பலுக்குச் சான்றிதழ் தர வந்த அதிகாரி, "படகைக் கடலில் இறக்கிக் காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டார்!

"அண்ணே, சீக்கிரம் இறக்குங்க!" என்று தன்னைத் தாங்கும் கயிறு ஓடும் கப்பியை அவசரப்படுத்தியது படகு.

"எண்ணெயே விடாம வருஷா வருஷம் பெயின்ட்டைப் பூசிட்டாங்க. சுத்த முடியலடா" என்று முனகியது கப்பி.

"என்னைப் பாருங்க, அதே பெயின்ட்டுல எப்படிப் பளபளன்னு இருக்கேன்!" என்றது படகு.

மாலுமிகள் கப்பியைச் சுரண்டி எண்ணெய் விட்டார்கள். கிறீச்சென்று அது சுழல, படகு கடலைத் தொட்டது.

"ஆகா, என்ன குளிர்ச்சி!" என்று கூவியது. மறுநொடியே பெயின்ட் மறைத்திருந்த விரிசல் வாயைப் பிளந்தது.

"அண்ணே, தண்ணி உள்ளே வருது! தூக்குங்க!"

கப்பி தூக்கிவிட்டது. அதிகாரி கையெழுத்துப் போடவில்லை. கப்பலும் அன்று புறப்படவில்லை.

சொட்டச் சொட்டத் தொங்கிய படகு, "என்னையும் சுரண்டச் சொல்லுங்கண்ணே" என்றது.