ஞா. இலக்கியா

பட்டமளிப்பு மேடையில் தொழிலதிபர் ஞானதுரைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இதே பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துப் பெரிய ஆளாகி, இதற்கே வாரிக் கொடுத்தவர். அவர் பெயரை வைக்கக் கட்டடங்கள் தீர்ந்துபோனதால், இந்த வருடம் முதல் அவர் பணத்தில் படித்த பிள்ளைகளின் இனிஷியலையும் அவர் பெயருக்கே மாற்றிவிட்டார்கள்.

“ஞா. இலக்கியா.”

இலக்கியா எழவில்லை. மூன்று முறை கூப்பிட்டும் போகாவிட்டால் பட்டம் கிடையாது.

“ஞா. இலக்கியா.”

பக்கத்தில் இருந்த அப்பா சுடலைமுத்து, மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கையால் அவளை நெட்டினார். “போ தாயி. ஒரு எழுத்துதான, போனாப் போவுது.”

“ஒம் பேருன்னு ஊரு எழுதுறதே அந்த ஒரு எழுத்துதாம்ப்பா.”

மூன்றாவது முறையும் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து நின்றாள்.

“அந்தப் பேர்ல இங்க யாருமில்லைங்க ஐயா. சு. இலக்கியான்னு ஒருத்தி இருக்கா. கூப்பிடுங்க, வாரேன்.”