கறுவலுக்குச் சொன்னது

தேமோஸ்ரற்றை மாற்றிய பிறகும் கார் கொதித்தது.

முள்ளியவளைச் சந்தி வரைகூடப் போகவில்லை. சூடு காட்டும் ஊசி சிவப்புக்கு ஏறிவிட்டது. யோகநாதன் தெருக்கரையில் நிறுத்தி, ஆறவிட்டு, ஒருமாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

நாளைக் காலை மனைவி விமலேஸ்வரிக்கு யாழ்ப்பாணத்தில் கண் சத்திரசிகிச்சை. இந்தத் திகதியை விட்டால் அடுத்த திகதி எப்போது என்று யாருக்கும் தெரியாது.

"இஞ்சருங்கோ, ஹையருக்கு ஒரு கார் பிடிப்பம்."

"என்ர கார் நிக்க, ஹையரோ?"

"நிக்குதுதான். ஓடினாலெல்லே?"

முதல் சந்தேகம் தேமோஸ்ரற்றை விற்ற வவுனியாக் கடைக்காரன் மேல். பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டான். தேமோஸ்ரற்றைத் திரும்பக் கழற்றிக் குசினிக்குக் கொண்டுபோய், கொதிதண்ணீருக்குள் போட்டுப் பார்த்தார். சூடேறினால் திறந்து தண்ணீரை ஓடவிடவேண்டிய சாமான் அது; சூடு ஏற ஏற மெல்ல வாய் திறந்தது. நல்ல சாமான்.

"அது பால் காய்ச்சிற சட்டியப்பா!"

"கண் தெரியாதெண்டாய்?"

"சட்டி தெரியும்."

திரும்பவும் பூட்டினார். றேடியேற்றர் முட்ட, எஞ்சினை ஆற்றும் கூலன்ற் ஊற்றி மூடியை இறுக்கினார். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் றேடியேற்றரோடு பூட்டிய பக்கத்துப் போத்தலில் மட்டம் குறைந்திருந்தது. நிலத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"ஆரோ மூடியைத் திறந்திருக்கினம்."

யாரோ என்ன யாரோ. வேலிக்கு அந்தப் பக்கம் றம்லா இருக்கிறாள். அவளுடைய கிடாய் கறுவல் இவருடைய பயத்தங்கொடியை மேய்ந்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சு இல்லை. அவள் புருஷன் சரீப் வான் ஓடுகிறவன். எதை எங்கே தளர்த்தலாம் என்று அவளுக்குத் தெரியாதா?

"உவளின்ர வேலைதான்."

"சும்மா பழி போடாதேங்கோ."

யோகநாதன் மூடியைத் திறந்து அடுத்த கூலன்ற் கானைக் கவிழ்த்தார். வேலிக்கு மேலால் குரல் வந்தது.

"டேய் கறுவல்! மடமடவெண்டு குடியாதை. காத்தும் எல்லே சேர்ந்து உள்ளுக்க போகுது!"

யோகநாதன் நிமிர்ந்து பார்த்தார். கறுவல் வேலியோரம் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் வாளியும் இல்லை, சட்டியும் இல்லை.

"கேட்டியோ? என்ர அவசரத்தைச் சாடை சொல்லுறாள்."

"ஆட்டோடதானே கதைக்கிறா?"

"ஆட்டோட கதைக்கிற ஆக்களை எனக்குத் தெரியும்."

காரை எடுத்தார். ஒழுங்கை தாண்டிப் பெருந்தெருவுக்கு ஏறுமுன் ஊசி ஏறியது. திரும்பி வந்து இறங்கவும் அடுத்த சாடை.

"குளக்கட்டில ஏறி நிண்டு மூக்கைத் தூக்கடா, கறுவல்! அப்பதான் உள்ளுக்க நிக்கிற காத்து வெளியில வரும்!"

மூக்கு!

ஊரில் யோகநாதனுக்குப் பட்டப்பெயரே மூக்கர். முன்னால் யாரும் சொல்வதில்லை. இவள் ஆட்டை வைத்துச் சொல்கிறாள். இனி விடக்கூடாது. கிணற்றுக்கட்டில் ஒரு காகம் இருந்தது. அதைப் பார்த்துக் கத்தினார்.

"வேலிக்கு மேலால எட்டிப் பாக்கிற காகத்துக்குக் கண் அவிஞ்சு போகட்டும்!"

"ஐயோ, கண்ணைச் சொல்லாதேங்கோ" என்றார் விமலேஸ்வரி. "நாளைக்கு என்ர கண்ணெல்லே."

வேலிக்கு அப்பாலிருந்து அடுத்த சாடை முன்னையதைவிட உரக்க வந்தது.

"ஏப்பம் விட்டு முடியுமட்டும் வாயை மூடாதை, கறுவல்!"

"பாத்தியோ, என்னை வாயை மூடட்டாம்!"

"மூடாதை எண்டெல்லே சொன்னவா?"

"எல்லாம் ஒண்டுதான். இண்டைக்கு ரெண்டிலொண்டு பாக்கிறன்."

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாசல் படலைக்கு நடந்தார். அந்தப் பக்கம் றம்லாவுக்கும் பொறுமை போய்விட்டது.

"மூடியைக் கழட்டி வைச்சிட்டு ஏறி நில்லடா, மாடு!"

யோகநாதன் படலையில் கை வைத்தபடி நின்றார்.

கறுவலைப் பார்த்தார். கறுவலும் அவரைப் பார்த்தது.

ஆட்டுக்கு எங்கே மூடி?

திரும்பிக் காரைப் பார்த்தார். அதன் மூக்கைப் பார்த்தார். கார் நன்றாக ஆறுமட்டும் கதிரையைப் போட்டுக் குந்தியிருந்தார்.

பின்வளவு தாண்டினால் குளம். அந்தத் தட்டை நிலத்தில் ஏற்றம் என்று சொல்ல குளக்கட்டு ஒன்றுதான். கட்டுக்கு ஏறும் பாதையில் காரின் முன்பக்கம் உயர நிறுத்தினார். சில்லுக்குக் கல் வைத்தார். திரும்பவும் ஆறவிட்டு, மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டார்.

களக்.

களக், களக்.

றேடியேற்றர் பெரிய பெரிய ஏப்பமாக விட்டது. காற்றுப் போன இடத்துக்குத் தண்ணீர் இறங்கியது. கொஞ்சம் ஊற்றினார். பொறுத்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றினார். வாழ்க்கையில் அவர் எதையும் இவ்வளவு மெதுவாக ஊற்றியதில்லை. ஏப்பம் நின்ற பிறகுதான் மூடினார்.

முல்லைத்தீவு வரை போய்த் திரும்பினார். ஊசி நடுவிலேயே நின்றது.

வந்ததும் பின்வளவுப் பலாவில் நல்ல குழையாகப் பார்த்து ஒரு கட்டு முறித்தார். வேலிக்கு மேலால் தூக்கிப் போட்டார். கறுவல் பாய்ந்து விழுந்து தின்றது. றம்லா கிணற்றடியில் ஒன்றும் தெரியாதவள் போல உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

விமலேஸ்வரி வாசலுக்கு வந்தார்.

"சரி வந்திட்டுதோ? ஆர் திருத்தினது?"

யோகநாதன் வேலிப் பக்கம் திரும்பினார். கிணற்றடி வரை கேட்கட்டும் என்று உரத்துச் சொன்னார்.

"கறுவல்தான்!"