கொளஞ்சிநாதன் மறந்த வசனம்

ஆயுத பூஜை மதியம். சூளை அணைந்திருக்கிறது. எங்கள் பீங்கான் பொம்மை யூனிட்டின் தகரக் கூரை இடுக்கில் விழும் வெயிலில் களிமண் தூசி மிதக்கிறது. பூஜைக்காக நாங்கள் அழைத்திருக்கும் காமெடிக் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் வசனத்தை மறந்து மைக்கைப் பிடித்தபடி விழிக்கிறாள். குழுவின் தலைவர் கொளஞ்சிநாதன் சட்டென்று தன் தலையில் அடித்துக்கொள்கிறார். "அய்யோ, எனக்கு மறந்துபோச்சும்மா. உங்க மாமியா வேப்பூர்ல பஸ்ஸு ஏறுனா என்ன ஆவும்?" அவள் பிடித்துக்கொள்கிறாள். "டிரைவர் எறங்கிடுவாரு!" கூரை அதிரக் கைதட்டல். அவர் ஓரமாய் ஒதுங்கி, அந்த வசனத்தை இப்போதுதான் கேட்டவர் போலக் குலுங்கிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் நடுவழியில் இருந்த வாளியில் கால் இடறி, ஒரு பலகை நிறைய, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளைப் போட்டு உடைத்த மலர்க்கொடியை, சூப்பர்வைசர் என்கிற தோரணையில் எல்லார் முன்னாலும் கிழி கிழியென்று கிழித்திருக்கிறேன். அவள் கடைசி வரிசையில் தலை குனிந்தே உட்கார்ந்திருக்கிறாள். நிகழ்ச்சி முடிந்து, நன்றி சொல்ல மைக் என் கைக்கு வருகிறது. "காலைல மலர்க்கொடி இடறுன வாளிய நடுவழியில வெச்சது நாந்தாங்க," என்கிறேன். இதுவும் காமெடிதான் என்று கூட்டம் சிரிக்கிறது. மலர்க்கொடி மட்டும் சிரிக்காமல் நிமிர்ந்து பார்க்கிறாள்.