திரும்பிப் போகும் விமானம்

“ஏழு ஏ தாம்மா வேணும். வேற சீட்டு வேணாம்.”

பெரியவர் இதை மூன்றாவது முறையாகச் சொன்னார். மறந்துவிடாமல் இருக்க உள்ளங்கையில் பேனாவால் ‘7A’ என்று வேறு எழுதி வைத்திருந்தார். பெங்களூர் விமான நிலையத்தின் செக்-இன் கவுண்டரில் உட்கார்ந்து பார்கவி பார்க்காத கிறுக்கு இல்லை. இது ஏதோ ஜோசியர் கொடுத்த நம்பர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

டிக்கெட்டில் பெயர் சுந்தரம் என்றிருந்தது. கோயம்புத்தூருக்கு, ஒருவழிப் பயணம். அவர் கேட்ட இருக்கையைச் சற்று முன்புதான் ஒரு கம்பெனி மேனேஜருக்குக் கொடுத்திருந்தாள். அதைச் சொன்னதும் மனிதரின் முகம் செத்துப்போனது.

“கோயம்புத்தூர்ல இருந்து இப்ப வர்ற அதே பிளேன்தானே திரும்பிப் போகுது?”

ஆமாம் என்றாள். கிளம்பிவிட்டதா, வருகிறவர்களும் போகிறவர்களும் ஒரே வழியில்தான் நடப்பார்களா என்று விடாமல் கேட்டார். தாமதமாகக் கிளம்பியிருக்கிறது, ஐம்பது நிமிடத்தில் வந்துவிடும், வழி வேறு வேறு, அதற்குள் நீங்கள் சோதனை முடிந்து உள்ளே போய்விட வேண்டும் என்று அவளும் பொறுமையாகச் சொன்னாள்.

“அம்பது நிமிஷந்தானா? எவ்ளோ தூரம்மா?”

“ஆகாசத்துல இருநூத்திச் சொச்சம் கிலோமீட்டர் சார்.”

“இவ்ளோ கிட்டயா இருக்கு” என்றார் பெரியவர். யாரிடமோ ஏமாந்துபோனவர் குரல் மாதிரி இருந்தது.

பாவமாக இருக்கவே, சொந்த ஊருக்கா என்று விசாரித்தாள். இல்லையாம். இவர் இருப்பது எலெக்ட்ரானிக் சிட்டியில், மகன் வீட்டில். மருமகள் மறுபடி ஆபீஸ் போக ஆரம்பித்துவிட்டதால், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள, கோவையில் மகள் வீட்டில் இருந்த ஆளை மகன் இங்கே வரவழைக்கிறானாம். அங்கே பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட யாரும் இல்லாததால் இவரை அனுப்புகிறார்களாம். நல்ல வேலைக்காரிக்கு எந்த ஊரிலும் கிராக்கிதான் என்று பார்கவி சிரித்துக்கொண்டாள்.

“அந்த ஏழு ஏ மட்டும் பாரும்மா” என்று மறுபடியும் ஆரம்பித்தார்.

இப்போது அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சந்தேகப்படும்படி நடக்கும் பயணிகளைப் பற்றிப் போன வாரம்தான் வகுப்பு எடுத்திருந்தார்கள். விமானத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்கிறார், குறிப்பிட்ட இருக்கைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். சூப்பர்வைசர் ரெமிஜியஸுக்குக் கண் காட்டினாள்.

ரெமிஜியஸ் வந்து பையைத் திறக்கச் சொன்னார். இரண்டு வேட்டி, மாத்திரை டப்பா, பேத்திக்கு ஒரு கிரேயான் பெட்டி. வரிசையில் நின்ற அத்தனை பேரும் வேடிக்கை பார்க்க, பெரியவர் கூனிக்குறுகிப் போனார். ஆனாலும் நகரவில்லை.

“உண்மையச் சொல்லுங்க சார். அந்த சீட்ல அப்படி என்ன இருக்கு?” என்றார் ரெமிஜியஸ்.

பெரியவர் உள்ளங்கையில் எழுதியிருந்ததை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

“இப்ப அதுல என் சம்சாரம் உக்காந்து வந்துக்கிட்டிருக்கா.”