குடை அட்டையின் இரண்டாம் பக்கம்

"இந்தக் குடை அட்டை ரெக்கார்டைப் பத்தி நீங்க என்ன நினைக்கிய, சார்?"

பர்னபாஸ் இப்படிக் கேட்டதும் எஸ்றாவுக்கு வாயிலிருந்த மக்ரூன் தொண்டையில் அடைத்துக்கொண்டது. பெண் பார்க்க வந்த இடத்தில் சம்பளம் கேட்பார்கள், எந்தச் சபை என்று கேட்பார்கள். இங்கிலீஷ் ராக் ரெக்கார்டைப் பற்றியா கேட்பார்கள்?

பர்னபாஸ் பெண்ணின் தம்பி, பாலிடெக்னிக்கில் படிக்கிறவன். மூலையில் ரெக்கார்டு பிளேயர் இருந்தது. பக்கத்திலேயே குடைப் படம் போட்ட அந்த அட்டை. கப்பலில் வேலை பார்க்கும் சித்தப்பா கொண்டுவந்தாராம்.

எஸ்றாவின் மாமா தேவபிரசாதம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருந்தார். "ஏலே, அங்கன போய் உன் பாட்டுப் பைத்தியத்தைக் காட்டிராத. அவங்க எது சொன்னாலும் ஆமான்னு தலையாட்டு. அது போதும்."

தலையாட்டத்தான் வந்தான். போன கிறிஸ்துமஸ் ஆராதனையில், பாடகர் வரிசையில் கிரேசியைப் பார்த்ததிலிருந்து எட்டு மாதமாய் மாமாவை நச்சரித்து, இன்றைக்குத்தான் தூத்துக்குடி டூவிபுரத்தில் இந்த வீட்டுப் படி ஏறியிருக்கிறான். இந்தப் பெண் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று முடிவுகட்டியிருந்தான். ஆனால் ரெக்கார்டு விஷயத்தில் பொய் சொல்ல அவனுக்கு வராது. புதுத் துறைமுகம் திறந்த இந்த இரண்டு வருஷத்தில், கப்பல் சரக்கை எண்ணிக் கணக்கெழுதும் டாலி கிளார்க் வேலைக்கு நடுவே கப்பல்காரர்களிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்த ரெக்கார்டுகளே அவனுக்கு முப்பது இருக்கும்.

"நல்ல ரெக்கார்டுதான். ஆனா, அதே கோஷ்டியோட குதிரை அட்டை மாதிரி வராது" என்றான். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பர்னபாஸ் திருதிருவென்று முழித்தான். "மக்ரூன் தீந்துட்டு, எடுத்துட்டு வாரேன்" என்று உள்ளே போனான். திரும்பி வந்தவன் தட்டை வைத்துவிட்டு மூச்சு விடாமல் பேசினான்.

"குதிரை அட்டைல வெறும் கூச்சல்தான் சார். கிடார்காரருக்கு எங்க நிறுத்தணும்னே தெரியல. குடை அட்டைலதான் அவருக்கு ஒரு அடக்கம் வந்திருக்கு."

எஸ்றாவுக்குச் சுருக்கென்றது. "அடக்கமா? அது தூக்கம்! ரெண்டாம் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, பதினெட்டு நிமிஷம். கேக்குதவன் கொட்டாவி விட்டே செத்துருவான்!"

மாமா அவன் தொடையைக் கிள்ளினார். பெண்ணின் அப்பா, ஹெட்மாஸ்டர் சுந்தர்சிங், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கோபப்படுகிறாரா, சிரிப்பை அடக்குகிறாரா என்று எஸ்றாவுக்குப் பிடிபடவில்லை.

"தண்ணி கொண்டாரேன்" என்று பர்னபாஸ் மறுபடி எழுந்து போனான். வரும்போது கையில் தண்ணீர் இல்லை.

"அந்தப் பதினெட்டு நிமிஷத்துக்கு நடுவுல கிடார் சட்டுனு நின்னு, ஆர்கன் மட்டும் தனியா வருமே, அதை என்னைக்காவது கேட்டியளா சார்? கோயில்ல ஆராதனை முடிஞ்சு கூட்டம் கலையும்போது வாசிப்பாங்கள்லா, அந்த மாதிரி இருக்கும்."

எஸ்றா ஆடிப்போனான். அந்த இடம் வருவதற்குள் அவன் எப்போதுமே ஊசியைத் தூக்கிவிடுவான். தூத்துக்குடியில் இவ்வளவு நுணுக்கமாய்க் கேட்கிற ஆளும் உண்டா! தோற்கிற பயத்திலும் அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. பர்னபாஸ் ரெக்கார்டை உறையிலிருந்து உருவி, மக்ரூன் ஒட்டிய கையால் தோசையைப் பிடிப்பதுபோலப் பிடித்தான்.

"ஐயோ, மேல விரல் வைக்காதீங்க! இது எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும் கறுப்பாத்தானே சார் இருக்கு?"

எஸ்றாவுக்குத் தலை சுற்றியது. ஆர்கன் நுணுக்கம் பேசுகிறவனுக்கு ரெக்கார்டைப் பிடிக்கத் தெரியாதா? கேலி செய்கிறானா, பரீட்சை வைக்கிறானா? மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லாமல் சொல்ல இது ஒரு வழியா?

"நாய் குலைக்கு, பாத்துட்டு வாரேன்" என்று ரெக்கார்டும் கையுமாக மூன்றாவது தடவையும் போனான் பர்னபாஸ். எஸ்றாவின் காதில் எந்த நாய்ச் சத்தமும் விழவில்லை. வந்தவன் வாசலிலேயே நின்று சொன்னான்: "குதிரை அட்டையைப் பெருசாப் பேசுதவங்க எல்லாம், ரெக்கார்டைத் திருப்பிப் போடச் சோம்பப்படுத ஆளுங்களாம்."

அவ்வளவுதான். எஸ்றா எழுந்தே விட்டான். "அந்த ரெண்டாம் பக்கத்தைத் தூக்கி வச்சுப் பேசுத ஆளுக்குக் காதே கிடையாது!"

அடுப்பங்கரையில் ஒரு டம்ளர் நங்கென்று வைக்கப்பட்டது. மாமா "ஏசப்பா" என்று கண்ணை மூடிக்கொண்டார். எட்டு மாத ஆசை ஒரு வாய்ச் சொல்லில் போய்விட்டதே என்று எஸ்றாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தொப்பென்று உட்கார்ந்தான்.

"கிரேசி, காப்பி கொண்டாம்மா" என்றார் சுந்தர்சிங்.

எஸ்றா தலை நிமிரவில்லை. காப்பித் தட்டு மேஜையில் வந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது. அடுத்த நொடி, பர்னபாஸ் கையிலிருந்த ரெக்கார்டை இரண்டு கைகள் வெடுக்கென்று பிடுங்கின. விரல் படாமல் விளிம்பை மட்டும் உள்ளங்கைகளால் ஏந்தி, தூசி ஊதி, இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போட்டு, கிடார் நின்று ஆர்கன் தொடங்கும் இடத்தில் சரியாக ஊசியை இறக்கின.

"அப்பாடா!" என்று பர்னபாஸ் நாற்காலியில் சாய்ந்தான். "இனிமே நீயே பேசிக்கோக்கா. நீ சொன்னதை எல்லாம் இங்கன வந்து ஒப்பிச்சு எனக்கு நாக்கு வறண்டு போச்சு."

கிரேசி எஸ்றாவை நேராகப் பார்த்தாள். "முதல்ல இதை முழுசாக் கேளுங்க. யாருக்குக் காது இல்லைன்னு பொறவு பேசுவோம்."